சுசுருத சங்கிதையில் கருவியும் கையும்

முன்னுரை

இந்திய மருத்துவ வரலாற்றை எழுதுவோர் சுசுருத சங்கிதையைக் குறிப்பிடும்போது அதனுடன் ஓர் எண்ணையும் குறிப்பிடுவது வழக்கம். யந்திரங்கள் 101, சத்திரங்கள் 20, ஆகக் கருவிகள் 121 என்பது அவ்வெண். பாடநூல்களிலும் கண்காட்சிப் பலகைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் இது திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றது. பழங்காலத்திலேயே இத்தனை அறுவைக் கருவிகள் நம்மிடம் இருந்தன என்று பெருமை கொள்வது ஒரு சாரார் நிலை. இத்தனை கருவிகள் இருந்தனவென்றால் அவை எங்கே என்று ஐயுறுவது மற்றொரு சாரார் நிலை. நோக்கில் மாறுபட்டாலும் இவ்விரு சாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர். நூலிலுள்ள பட்டியலை ஓர் உடைமைக் கணக்காகவே இருவரும் வாசிக்கின்றனர்.

அப்பட்டியல் உடைமைக் கணக்கு அன்று. அது கைக்குப் பயிற்சி தருவதற்காக வகுக்கப்பட்ட பாடத்தின் ஒரு பகுதி என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை நூலின் அமைப்பைக் கொண்டும் கருவிப் பெயர்களைக் கொண்டும் நிறுவலாம். அவ்வாறு வாசிக்கும்போது மற்றொரு வினாவும் எழுகின்றது. கருவிகளை எண்ணி எழுதப்படும் மருத்துவ வரலாற்றில், நூலறியாமல் கைத்திறத்தால் மட்டும் மருத்துவம் செய்த மக்களுக்கு இடம் உண்டா என்பதே அவ்வினா.

நூலும் அதன் காலமும்

சுசுருத சங்கிதை ஒரே காலத்தில் ஒருவரால் இயற்றப்பட்ட நூல் அன்று. பல நூற்றாண்டுகளில் அடுக்கடுக்காக வளர்ந்து இன்றைய வடிவத்தைப் பெற்றது. நேபாளத்தில் பாதுகாக்கப்பட்டுள்ள ஓலைச்சுவடி ஒன்று கி.பி. 878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் டல்ஹணர் எழுதிய உரை, பிற்காலத்தார் நூலைப் புரிந்துகொண்ட முறையைப் பெரிதும் தீர்மானித்தது. கல்கத்தாவில் மதுசூதன குப்தரின் பதிப்பாக 1835, 1836ஆம் ஆண்டுகளில் இந்நூல் அச்சேறியது.

நூலின் முதற்பகுதியாகிய சூத்திரத்தானத்தில் 7ஆம் இயல் யந்திரங்களையும், 8ஆம் இயல் சத்திரங்களையும், 9ஆம் இயல் பயிற்சியையும் கூறுகின்றன. இவ்வரிசை முதன்மையானது. கருவிகளின் எண்ணிக்கையை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் 7, 8ஆம் இயல்களோடு நின்றுவிடுகின்றனர். 9ஆம் இயலையும் சேர்த்து வாசித்தால்தான் முன்னிரண்டு இயல்களின் நோக்கம் விளங்கும்.

எண்ணிக்கையின் இயல்பு

யந்திரம் என்பது பற்றவும் இழுக்கவும் துழாவவும் உதவும் மழுங்கிய கருவி. சத்திரம் என்பது வெட்டவும் குத்தவும் கீறவும் உதவும் கூரிய கருவி. யந்திரங்கள் 6 வகையினவாகப் பகுக்கப்படுகின்றன. சுவத்திகம் 24, சந்தம்சம் 2, தாளம் 2, நாடி 20, சலாகை 28, உபயந்திரம் 25 என்பன அவை. இவற்றின் கூட்டுத்தொகை 101. சுவத்திகம் இரு கைகள் குறுக்காக அமைந்து ஆணியால் பொருத்தப்பட்ட குறடு. சந்தம்சம் இடுக்கி. நாடி துளையுடைய குழல். சலாகை கோல்.

இங்கு உபயந்திரங்கள் எனப்படும் 25 துணைக்கருவிகள் தனித்து நோக்கத்தக்கவை. கயிறு, கட்டுத்துணி, தோல், மரப்பட்டை, கொடி, கல் ஆகியன அவற்றுள் அடங்கும். உள்ளங்கை, உள்ளங்கால், விரல், நாக்கு, பல், நகம், மயிர் ஆகிய உடலுறுப்புகளும் அடங்கும். குதிரையின் கடிவாளமும் மரக்கிளையும் உண்டு. எலும்பில் தைத்த அம்பைக் கடிவாளத்தில் கட்டி, குதிரையை அடித்து, அது தலையை உயர்த்தும் விசையால் அம்பைப் பிடுங்குவதும், வளைத்த கிளையை விடுவித்து அதன் விசையால் பிடுங்குவதும் நூல் கூறும் முறைகள். காந்தக்கல்லும் நெருப்பும் காரமும் இப்பட்டியலில் உள்ளன. இவற்றோடு மகிழ்ச்சியும் ஒரு துணைக்கருவியாக எண்ணப்பட்டுள்ளது. உடலில் தைத்தவற்றை அகற்றும் 15 வழிகளைச் சொல்லும் இயலில், நெஞ்சில் தங்கிய துயரமும் தைத்த முள்ளாகக் கருதப்பட்டு, அதனை மகிழ்ச்சியால் அகற்றுக என்று விதிக்கப்படுகின்றது (சூத்திரத்தானம், 27).

கடிவாளமும் மகிழ்ச்சியும் இடம்பெறும் ஒரு பட்டியலை உலோகக் கருவிகளின் இருப்புக் கணக்காகக் கொள்வது பொருந்தாது. 101 என்ற எண்ணைப் பெருமையாகக் கூறுவோர் அதில் நான்கில் ஒரு பங்கு பட்டறையில் செய்த கருவிகள் அல்ல என்பதை நோக்குவதில்லை. நூலாசிரியருக்கு யந்திரம் என்பது பொருளின் பெயரன்று, செயலின் பெயர். உடலில் புகுந்து துன்புறுத்தும் ஒன்றை வெளியேற்றுவதற்கு எது துணைசெய்கின்றதோ அது யந்திரம்.

நூல் தன் எண்ணிக்கையை முடிந்த முடிபாகவும் கொள்ளவில்லை. உடலில் தைப்பவை எண்ணற்ற வகையின ஆதலால் அறிவுடையவன் கருவிச் செயல்களைத் தன் அறிவால் மேலும் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அவ்வியலே கூறுகின்றது. பின்வந்த வாக்படர் அட்டாங்க இருதயத்தில் சத்திரங்களை 26 ஆக்கினார். பட்டியல் திறந்த நிலையிலேயே இருந்தது என்பதற்கு இது சான்று.

யந்திரங்களைத் தொகுத்துரைக்கும் இடத்தின் தொடக்கத்திலேயே, அவை அனைத்தினும் கையே தலைசிறந்த யந்திரம், ஏனைய யந்திரங்களின் செயல்கள் அதற்கு அடங்கியவை என்னும் கருத்து வைக்கப்பட்டுள்ளது. இதனை முகமன் உரையாகக் கொண்டு கடந்துசெல்வது தவறு. இயல் முழுவதையும் வாசிப்பதற்கான திறவுகோல் இதுவே.

பெயரும் வடிவமும்

சுவத்திகக் குறடுகள் 24இன் பெயர்களும் விலங்கு, பறவை முகங்களைக் கொண்டு அமைந்தவை. சிங்கம், புலி, ஓநாய், கரடி, சிறுத்தை, பூனை, நரி முதலியன விலங்குகள். காகம், ஆந்தை, பருந்து, கழுகு, கங்கம் முதலியன பறவைகள். சத்திரங்களின் பெயர்களோ பெரிதும் செடிகொடிகளிலிருந்தும் தொழிற்கருவிகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. உற்பலபத்திரம் ஆம்பல் இதழைப் போன்றது. குசபத்திரம் தருப்பைப் புல்லின் இலையைப் போன்றது. விரீகிமுகம் நெல்மணியின் நுனியை ஒத்தது. குடாரிகை சிறு கோடரி. கரபத்திரம் இரம்பம். ஆரை தோல் தைப்போரின் குத்தூசி. பூனையின் முகத்தையும் நெல்லின் நுனியையும் அறிந்த மாணவன், பெயரைக் கேட்டவுடன் வடிவத்தை நினைவில் கொள்வான். எழுத்தைவிட நினைவையே மிகுதியும் சார்ந்திருந்த கல்வியில் இப்பெயர்கள் படங்களின் வேலையைச் செய்தன.

வடிவம் மட்டுமே பெயருக்குக் காரணம் என்றும் கொள்ளவியலாது. கங்கமுகம் என்னும் குறட்டை நூல் யந்திரங்களுள் சிறந்ததாகப் போற்றுகின்றது. அது எளிதில் உட்புகும், எளிதில் மீளும், பற்றியதைப் பற்றி வெளிக்கொணரும், எல்லா இடத்திலும் பயன்படும் என்பன அதற்குக் காட்டப்படும் காரணங்கள். நீரில் அலகைச் செலுத்தி மீனைப் பற்றி மீளும் நீள் அலகுப் பறவையின் செயல் இங்குக் கண்முன் நிற்கின்றது. பெயர் அலகின் வடிவத்தைச் சொல்கின்றது. விளக்கம் அலகின் செயலைச் சொல்கின்றது.

அளவுகளும் இதே தன்மையன. சுவத்திகத்தின் நீளம் 18 விரற்கிடை. இடுக்கியின் நீளம் 16 விரற்கிடை. தாளத்தின் நீளம் 12 விரற்கிடை. வெட்டுவாயின் நுண்மையோ தானியத்தாலும் மயிராலும் அளக்கப்படுகின்றது. பிளத்தற்குரிய சத்திரத்தின் வாய் மசூர்ப் பருப்பின் அளவு. சுரண்டுதற்குரியது அதில் பாதி. குத்துதற்குரியது ஒரு மயிரின் அளவு. வெட்டுதற்குரியது மயிரில் பாதி. தீட்டப்பட்ட சத்திரம் மயிரை அறுக்க வல்லதாயின் அது பயன்பாட்டுக்கு உரியது. அளவுகோலும் சோதனைப் பொருளும் உடலிலிருந்தும் உணவிலிருந்தும் எடுக்கப்பட்டுள்ளன. எவ்வூரிலும் எந்த மாணவனும் தன் கையருகே அவற்றைப் பெறலாம்.

குற்றங்களின் பட்டியலும் இங்குக் கருதத்தக்கது. யந்திரத்தின் குற்றங்கள் 12. மிகப் பருத்தல், உறுதியின்மை, மிக நீளல், மிகக் குறுகல், பற்றாமை, கோணிப் பற்றல், தளர்தல் முதலியன அவை. சத்திரத்தின் குற்றங்கள் 8. வளைதல், மழுங்கல், முறிதல், வாய் சொரசொரப்பாதல் முதலியன அவை. எலும்பை அறுக்கும் இரம்பத்துக்கு மட்டும் சொரசொரப்பு குற்றமாகாது என்று விலக்கும் தரப்படுகின்றது. பயன்பாட்டில் கண்ட பிழைகளின் தொகுப்பாகவே இதனைக் கொள்ள வேண்டும். கருவிகளை வெறும் கற்பனை எனக் கருதுவோர்க்கு இப்பகுதியே தக்க விடையாகும். பற்றிய பொருள் நழுவிய அனுபவம் இல்லாதவர் கோணிப் பற்றலை ஒரு தனிக் குற்றமாக எண்ணியிருக்க மாட்டார்.

கருவி கொள்ளும் முடிவில் நூல் காட்டும் நுட்பத்துக்கு ஒரு சான்று காட்டலாம். கருவிலேயே இறந்த குழவியைத் தாயின் வயிற்றிலிருந்து வெட்டி எடுக்க நேரும்போது வட்ட முனையுடைய மண்டலாக்கிரத்தையே பயன்படுத்த வேண்டும், கூர்முனையுடைய விருத்திபத்திரம் தாயை ஊறுபடுத்தக்கூடும் என்று சிகிச்சைத்தானம் (15) கூறுகின்றது. கண்ணால் காணவியலாத இடத்தில் விரலே கண்ணாகச் செயற்படும் நிலையில், எந்த முனை தாய்க்குத் தீங்கு செய்யாது என்பதே இங்குக் கேள்வி. இருபது சத்திரங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு விடை இத்தகைய இடங்களில் கிடைக்கின்றது.

பயிற்சி இயல்

சூத்திரத்தானத்தின் 9ஆம் இயல், எல்லா நூல்களையும் கற்றவனும் பயிற்சியில்லாவிடில் செயலுக்குத் தகுதியற்றவன் என்ற கருத்துடன் எண்வகைச் செயல்களுக்குமான பயிற்சிப் பொருள்களைக் கூறுகின்றது. வெட்டுதலைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலும், பிளத்தலை நீரும் சேறும் நிரப்பிய தோற்பையிலும் விலங்கின் சிறுநீர்ப்பையிலும் பயில வேண்டும். சுரண்டுதலை மயிருள்ள விரித்த தோலிலும், குத்துதலை இறந்த விலங்கின் நரம்பிலும் ஆம்பல் தண்டிலும் பயில வேண்டும். துழாவுதலுக்குப் புழு அரித்த மரம், மூங்கில், நாணல் ஆகியனவும், பிடுங்குதலுக்குப் பலாச்சுளையும் வில்வக்கனியும் இறந்த விலங்கின் பற்களும் கூறப்படுகின்றன. வடித்தல் மெழுகு பூசிய இலவம்பலகையில் பயிலப்படுகின்றது. தையலைத் துணியின் விளிம்பிலும் மென்தோலின் விளிம்பிலும், கட்டுக் கட்டுதலை மனித உருவப் பொம்மையிலும் பயில வேண்டும்.

ஒவ்வொரு பொருளும் கைக்கு ஒரு குறிப்பிட்ட உணர்வைக் கற்பிக்கின்றது. புழு அரித்த மரத்தில் கோலைச் செலுத்தும் மாணவன், கண்ணுக்குப் புலப்படாத வளைந்த புழையை விரல்நுனியால் அறிகின்றான். பலாப்பழத்தில் சுளையைப் பற்றும்போது சுற்றியுள்ளதைச் சிதைக்காமல் வேண்டியதை மட்டும் எடுக்கப் பழகுகின்றான். நீர் நிரம்பிய பை, கத்தி எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கற்பிக்கின்றது. பிழைத்தால் அது உடனே வழிந்து காட்டிவிடும். 7, 8ஆம் இயல்களின் பெயர்கள் இங்கு வந்த பிறகுதான் செயல்களாக மாறுகின்றன. ஆதலால் இம்மூன்று இயல்களும் ஒரே பாடம் என்பது தெளிவு.

உடற்கூற்றைக் கற்பிக்கும் சாரீரத்தானத்தின் 5ஆம் இயலும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூட்டில் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவிட்டு, பின்னர் வெட்டிவேர், மயிர், மூங்கில் முதலியவற்றால் ஆகிய தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தோல் முதலான ஒவ்வோர் அடுக்கையும் கண்ணால் காண வேண்டும் என்று அது விதிக்கின்றது. இருபது சத்திரங்களை விரித்துரைத்த நூல், உடலை அறியும் இடத்தில் கத்தியைக் கூறாமல் தூரிகையைக் கூறுவது எண்ணத்தக்கது.

படங்களாக மாறிய கருவிகள்

கருவிகளைப் பற்றிய நவீன ஆய்வில் கிரீந்திரநாத் முகோபாத்யாயரின் நூலுக்கு முதலிடம் உண்டு. இந்துக்களின் அறுவைக் கருவிகளைக் கிரேக்க, ரோமானிய, அரபு, நவீன ஐரோப்பியக் கருவிகளோடு ஒப்பிடும் அந்நூல் 1913, 1914ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாகக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. வடமொழி மூலங்களைத் தேடித் தொகுத்த அவருடைய உழைப்பு அரியது. கருவிகளின் படங்களும் அந்நூலில் இடம்பெற்றன. பின்வந்தோர் பலரின் மனத்தில் சுசுருதரின் கருவிகள் என்றால் தோன்றும் வடிவம் இத்தகைய படங்களிலிருந்து உருவானதே.

இங்கு எச்சரிக்கை வேண்டும். இத்தாலியின் பொம்பேயில் அறுவையரின் இல்லம் எனப் பெயரிடப்பட்ட வீட்டிலிருந்து, எரிமலைச் சாம்பலில் புதைந்த கருவிகள் 18ஆம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்குப் பொருள் முதலில் கிடைத்தது. பெயர் பின்னர் பொருத்தப்பட்டது. சுசுருத சங்கிதையைப் பொறுத்தவரை பெயர் முதலில் நின்றது; வடிவம் பின்னர் வரையப்பட்டது. சிங்கமுகம் என்ற சொல்லிலிருந்து வரையப்பட்ட சிங்கத்தலைக் குறடு அச்சொல்லுக்கான விளக்கமேயன்றி அக்கருவிக்கான சான்று ஆகாது. விளக்கத்தைச் சான்றாகக் கொண்டதே பெருமை பேசுவோரின் பிழை. சான்றில்லை எனக் கண்டவுடன் விளக்கத்தையும் புறக்கணித்தது ஐயுறுவோரின் பிழை.

உண்மையில் கருவியை எவ்வாறு செய்வது என்பதற்கு நூலே வழி கூறியுள்ளது. விலங்கு முகங்களின் ஒப்புமையைக் கொண்டும், நூலைக் கொண்டும், ஆசிரியர் அறிவுரையைக் கொண்டும், பிற கருவிகளைப் பார்த்தும், தன் யுக்தியைக் கொண்டும் செய்விக்க வேண்டும் என்பது அதன் கூற்று (சூத்திரத்தானம், 7). ஐந்து மூலங்களில் நூல் ஒன்று மட்டுமே. முகோபாத்யாயர் பிறநாட்டுக் கருவிகளோடு ஒப்பிட்டதைப் பிற கருவிகளைப் பார்த்தல் என்னும் விதிக்கு இசைந்த செயலாகக் கொள்ளலாம். ஆயின் ஆசிரியரின் அறிவுரையும் செய்பவரின் யுக்தியும் அச்சுப் பக்கத்தில் அகப்படுவன அல்ல. அவை கையிலிருந்து கைக்குச் செல்வன.

சத்திரங்களைத் தூய இரும்பால், தொழில் அறிந்த, தேர்ச்சி பெற்ற கொல்லனைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்றும் நூல் கூறுகின்றது. காரம், நீர், எண்ணெய் ஆகியவற்றில் தோய்த்துப் பதமேற்றும் முறையும் கூறப்படுகின்றது. எந்த அளவு சூட்டில் இரும்பை எண்ணெயில் தோய்ப்பது என்பதை நூல் கூறவில்லை. கொல்லனுக்கு அது தெரியும் என்ற நம்பிக்கையில்தான் நூலின் அவ்விடம் நிற்கின்றது.

தமிழ்ச் சான்றுகள்

மருத்துவ நூல் மருத்துவன் நிற்கும் இடத்திலிருந்து பேசுகின்றது. புண்பட்டவன் பக்கத்திலிருந்து அதே நிகழ்ச்சியைக் காண இலக்கியம் துணைசெய்யும். அவ்வகையில் சில தமிழ்ப் பாடல்கள் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. இவற்றுக்கும் சுசுருத சங்கிதைக்கும் இடையே கடன் உறவு காட்டுவது நோக்கமன்று.

பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடலில் பரணர், வீரர்களின் மார்பில் தைக்கப்பட்ட வடுவைக் கூறுகையில், புண்ணைத் தைத்த நீண்ட வெண்ணிற ஊசியின் இயக்கத்தை, மீனைத் தேடிக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் சிரல் என்னும் மீன்கொத்திப் பறவையோடு ஒப்பிடுகின்றார். சுசுருத சங்கிதை ஊசிகளை மூவகையாக்குகின்றது. தசை குறைந்த இடத்துக்கும் மூட்டுக்கும் இரு விரற்கிடை நீளமுள்ள உருண்டை ஊசி. தசை மிகுந்த இடத்துக்கு மூன்று விரற்கிடை நீளமுள்ள முப்பட்டை ஊசி. உயிர்நிலைகளுக்கும் வயிற்றுக்கும் வில்போல் வளைந்த ஊசி (சூத்திரத்தானம், 25). நூல் ஊசியின் வடிவத்தையும் இடத்தையும் கூறுகின்றது. புலவர் அவ்வூசி தசையில் மறைந்து வெளிப்படும் விரைவைக் கூறுகின்றார். மூன்று இயல்களும் சேர்ந்து கற்பிக்க முயலும் கையசைவு இவ்வுவமையில் ஒரே காட்சியாகப் பதிவாகியுள்ளது. தையல் நிகழ்வதை அருகிருந்து கண்டவர்களுக்கே இவ்வுவமை வாய்க்கும்.

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார், புண்பட்ட தலைவனைக் காக்கும் பெண்டிர் மனையில் இரவந்தழையும் வேம்பும் செருகி, வெண்கடுகைத் தூவி, மணி ஒலித்து, காஞ்சிப்பண் பாடி, நறும்புகை எழுப்புவதைப் பாடுகின்றார். சுசுருத சங்கிதை புண்பட்டவன் தங்கும் இல்லத்தில் வெண்கடுகு, வேப்பிலை, நெய், உப்பு ஆகியவற்றால் நாளுக்கு இருமுறை பத்து நாள் புகையூட்ட விதிக்கின்றது. அன்புடைய நண்பர்கள் இனிய பேச்சால் அவன் வலியை ஆற்ற வேண்டும் என்றும் கூறுகின்றது (சூத்திரத்தானம், 19). வேம்பும் கடுகும் இரண்டிலும் உள்ளன. அவற்றினும் கருதத்தக்கது, வலியைப் போக்கப் பாட்டும் பேச்சும் கையாளப்படும் ஒற்றுமை. மகிழ்ச்சியை ஒரு கருவியாக நூல் எண்ணியதன் பொருள், அரிசில் கிழார் காட்டும் இல்லத்தில் நமக்கு விளங்குகின்றது. அங்குக் கருவியைக் கையாள்பவர்கள் பெண்டிர். அவர்களை எந்தப் பட்டியலும் மருத்துவர் எனக் குறிக்கவில்லை.

நூலில்லாத கை

இவ்விடத்தில் சுசுருத சங்கிதையின் கடுமையான ஒரு கூற்றை எதிர்கொள்ள வேண்டும். நூலை மட்டும் அறிந்து செயலில் தேறாதவன் நோயாளியைக் கண்டு, போரில் கோழை மயங்குவது போல மயங்குவான். செயலில் தேறியும் துணிவால் மட்டும் தொழில் செய்து நூலுக்குப் புறம்பானவன் சான்றோரிடம் மதிப்புப் பெறான். அரசனால் கொல்லப்படுதற்கும் உரியவன். இருவரும் ஒற்றைச் சிறகுடைய பறவைகள் (சூத்திரத்தானம், 3). உவமை இருவரையும் சமமாக்குகின்றது, தண்டனை சமமாக்கவில்லை. நூல் மட்டும் அறிந்தவனுக்கு இகழ்ச்சி. கை மட்டும் அறிந்தவனுக்குக் கொலை.

ஒருவகை மக்களை இவ்வளவு வன்மையாக விலக்க நேர்ந்ததே, அத்தகையோர் அன்று இருந்தனர் என்பதைக் காட்டுகின்றது. நூலின் சில இடங்களில் அவர்கள் தேவையாகவும் உள்ளனர். கொல்லனை முன்னரே கண்டோம். மகப்பேற்றின்போது வயதில் முதிர்ந்த, அச்சமூட்டாத, மகப்பேற்றுத் தொழிலில் வல்ல, நகம் களைந்த நான்கு பெண்கள் துணைநிற்க வேண்டும் என்று சாரீரத்தானம் (10) கூறுகின்றது. அவர்கள் கற்ற நூல் எது என்று அது கேட்கவில்லை. அவர்களுக்கு விதித்த ஒரே ஆயத்தம் நகத்தைக் களைவது. கையே தலைசிறந்த யந்திரம் என்ற கூற்றுக்கு நூலுக்குள்ளேயே இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. தமிழகத்தில் நாவிதர் குலத்தோர் மருத்துவர் என்றும், அக்குலத்துப் பெண்டிர் மருத்துவச்சி என்றும் வழங்கப்பட்டதை இத்துடன் எண்ணிப் பார்க்கலாம். சொல் அவர்களிடம் தங்கியது, மதிப்பு தங்கவில்லை.

இம்முரணை முழுமையாக வெளிப்படுத்தும் சான்று 1794ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் இதழான சென்டில்மன்ஸ் மேகசினில் வெளிவந்த ஒரு கடிதம். ஆங்கிலப் படையில் மாட்டு வண்டியோட்டியாக இருந்த கவாஸ்ஜி என்பவர் 1792ஆம் ஆண்டுப் போரில் திப்புவின் படையிடம் சிறைப்பட்டு மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டார். ஓராண்டுக்கு மேல் மூக்கின்றி இருந்த அவருக்குப் புனாவுக்கு அருகில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் புதிய மூக்கை அமைத்தார். மெழுகுத் தகட்டால் மூக்கின் வடிவத்தைச் செய்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அந்த அளவுக்குத் தோலை உரித்து, புருவங்களுக்கிடையே ஒரு சிறு பகுதி ஒட்டியிருக்கும்படி விட்டுத் திருப்பி, மூக்கின் அடியில் பொருத்தினார். காசுக்கட்டி தடவிய துணித்துண்டுகளால் கட்டுப் போடப்பட்டது.

சுசுருத சங்கிதை கூறும் முறையில் மூக்கின் அளவு மர இலையால் எடுக்கப்படுகின்றது. தசை கன்னத்திலிருந்து கொள்ளப்படுகின்றது. மூச்சுக்காக இரு குழல்கள் செருகப்படுகின்றன (சூத்திரத்தானம், 16). வடிவத்தை முதலில் வேறொரு பொருளில் எடுத்து, உயிருள்ள தோலில் அதனை அளந்து, ஒட்டு அறாமல் பொருத்தும் அடிப்படை இரண்டிலும் ஒத்துள்ளது. இலைக்குப் பதில் மெழுகும், கன்னத்துக்குப் பதில் நெற்றியும் வந்துள்ளன. இரண்டுக்கும் நேரான தொடர்ச்சியை நிறுவ இச்சான்று மட்டும் போதாது. ஆயினும் பிற கருவிகளைப் பார்த்தும் யுக்தியைக் கொண்டும் செய்க என்ற நூலின் விதி, அந்நூலைக் கற்றிராத கைத்தொழிலாளர் மரபில் செயலாக வாழ்ந்தது என்று சொல்லலாம். களிமண்ணை அச்சில் வடித்துப் பழகிய கை, மெழுகில் மூக்கை வடித்தது.

அக்கடிதத்தைக் கண்டு ஆர்வங்கொண்ட சோசப் கார்ப்யூ 1814இல் இலண்டனில் இம்முறையில் அறுவை செய்து 1816இல் நூலாக வெளியிட்டார். உலக மருத்துவம் இதனை இந்திய முறை என்று ஏற்றது. இன்று அதன் புகழ் சுசுருதரின் பெயருக்குச் சேர்கின்றது. நோயாளியின் பெயரைப் பதிந்த கடிதம் மூக்கு அமைத்தவரின் பெயரைப் பதியவில்லை. நூலின் விதிப்படி அரசனால் கொல்லப்படத்தக்கவரின் செயலே அந்நூலுக்கு உலகப்புகழைத் தேடித் தந்தது.

இதற்கு அரை நூற்றாண்டுக்குள், சுசுருத சங்கிதையை அச்சேற்றிய மதுசூதன குப்தர் 1836இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மனிதப் பிணத்தை அறுத்தார். மேலை மருத்துவம் நவீன இந்தியாவில் காலூன்றியதன் அடையாளமாக அச்செயல் போற்றப்படுகின்றது. ஒரே மனிதர் ஒரு கையால் பழைய நூலைப் பதிப்பித்தார்; மறு கையால் புதிய கத்தியைப் பிடித்தார். அவர் காலத்தில் நூல் பதிப்பாகவும் கை கல்லூரிப் பாடமாகவும் பிரிந்தன. புனாவின் அருகே மூக்கு அமைத்தவரைப் போன்றோர்க்கு இவ்விரண்டிலும் இடமில்லாது போயிற்று.

முடிவுரை

சுசுருத சங்கிதையின் கருவிப் பட்டியல் செயலைக் கொண்டு வகுக்கப்பட்டது; எண்ணிக்கையில் திறந்த நிலையில் உள்ளது; பெயராலும் அளவாலும் மாணவனின் நினைவையும் கையையும் நோக்கியது; பயிற்சி இயலோடு சேர்ந்தே பொருள் தருவது. ஆதலால் 121 என்ற எண்ணைப் பெருமைக்கோ ஐயத்துக்கோ அளவுகோலாகக் கொள்வது நூலின் இயல்புக்கு மாறானது. கருவியைச் செய்ய நூல் கூறும் ஐந்து மூலங்களுள் ஏனையவற்றின் உரிமையாளர்களாகிய கொல்லர், மருத்துவச்சியர், எலும்பு கட்டுவோர், மூக்கு அமைத்தவர் ஆகியோரின் வரலாறும் மருத்துவ வரலாறே. அவர்கள் கையாண்ட பொருள்களும் அவற்றுக்கு வழங்கிய பெயர்களும் வட்டாரந்தோறும் தொகுக்கப்படுவது, விலங்கு முகக் குறடுகளின் படங்களை மேலும் ஒருமுறை அச்சிடுவதைவிடப் பயனுடைய பணியாகும். அகராதித் துறையும் நாட்டுப்புறவியல் துறையும் இதில் ஒருங்கிணையலாம்.

அறுவைச் செயல்களைக் கூறும் 25ஆம் இயலின் இறுதியில், தாய் தந்தையரையும் மக்களையும் சுற்றத்தாரையும் ஐயுறும் நோயாளி மருத்துவனிடம் மட்டும் ஐயமின்றித் தன்னை ஒப்படைக்கின்றான், ஆதலால் அவனை மகனைப் போலக் காக்க வேண்டும் என்று நூல் அறிவுறுத்துகின்றது. குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில், அறுத்துச் சுட்டாலும் மருத்துவனிடம் நீங்காத அன்புடைய நோயாளனைத் தமக்கு உவமையாக்கினார். கத்தியின் இரு பக்கத்திலிருந்தும் எழுந்த இவ்விரு கூற்றுகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நோயாளி நம்பியது கருவியின் எண்ணிக்கையை அன்று. அதனைப் பற்றியிருந்த கையை.